கொட்டாங்குச்சியில் விழுந்த ஆயில்

என் பைக்கால் அம்மா வாசலில் கோலம் போட முடியாமல் போனது. திண்ணை ஓரம், வண்டி நிற்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. பதினான்கு வயது வண்டி, கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு கொட்டாங்குச்சியைக் கொண்டுவந்து இன்ஜினுக்குக் கீழே வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

ஆனால் அந்தக் கொட்டாங்குச்சி எனக்கு நல்ல அளவுகோலாகவும் ஆனது. ஒரு ராத்திரிக்குப் பத்து, பன்னிரண்டு சொட்டு. ஒரு மில்லிலிட்டருக்கு இருபது சொட்டு என்று வைத்துக்கொண்டால் அரை மில்லிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இதற்கா இத்தனை அலட்டல் என்று தோன்றும். அது நிற்கிற வண்டியின் கணக்கு. ஓடும்போது ஆயில் சூடாகி இளகிவிடும், உள்ளே கிளட்ச்சும் பல்சக்கரங்களும் அதை வாரி இன்ஜின் மூடியின் மேல் அடித்துக்கொண்டே இருக்கும். நான் தினமும் அவிநாசியிலிருந்து திருப்பூர் போய் வருகிறவன். மூன்று வாரம் கழித்து, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே ஈரம். என் வண்டி 100 சிசி, ஆயில் மாற்றும்போது ஊற்றுவதே 900 மில்லிதான். அதில் 200 மில்லி காணோம் என்றால் கால் பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. மேலே, இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டில் லேசாக ஒரு டிக்டிக் சத்தம் வேறு. அன்றைக்குத்தான் பயம் வந்தது. இன்னொரு பயத்தையும் சொல்ல வேண்டும். வலது பக்க ஆயில் பின்னால் பறந்து பிரேக் பெடலிலும் செருப்பிலும் படியும். பின் டயரில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

ஒழுகியது வலது பக்கம், கிளட்ச் கவர் என்கிற மூடி இருக்கிற பக்கம். கிக்கர் தண்டு மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில், ஆயில் வெளியே வராமல் தடுக்க ஒரு ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல் உண்டு. சொட்டு விழுந்தது சரியாகக் கிக்கருக்குக் கீழே. நான் அவசரத்துக்குக் கொண்டுபோன பட்டறையில் இருந்தவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கிக்கர் சீல் போச்சுங்க" என்றார். அந்தச் சீலை மூடியைக் கழற்றாமலே, வெளியிலிருந்து கொக்கி போட்டு இழுத்து எடுத்துவிடலாம். பத்து நிமிஷத்தில் புதுசு ஏறிவிட்டது. மறுநாள் காலையில் கொட்டாங்குச்சியில் பழையபடி அதே பன்னிரண்டு சொட்டு.

அடுத்த முட்டாள்தனம் என்னுடையது. எம்-சீல் வாங்கி இரண்டு உருண்டையையும் பிசைந்து, மூடி சேரும் கோட்டின் மேல் பற்றுப் போடுவதுபோல அப்பினேன். ஆயில் பிசுக்கு இருக்கிற உலோகத்தில் பசை சரியாகப் பிடிக்காது என்பது தெரிந்த விஷயம்தான். தெரிந்தே செய்தேன். நான்காம் நாள் அது பணியாரம் மாதிரி முழுசாகக் கையில் வந்தது.

எங்கள் தெரு முனையில் ஒரு வயசான மெக்கானிக் இருக்கிறார். கடைக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. அவரிடம் போனேன். வண்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, ஒழுகறது எங்கேன்னு பாத்தீங்களா?"

"கிக்கர் பக்கங்ண்ணா."

"அது சொட்டற எடம். ஒழுகற எடம் எங்கேன்னு கேட்டேன்."

அதுவரை இரண்டும் வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆயில் கசிந்த இடத்திலேயே சொட்டாது. மூடியின் மேல் வழிந்து, விளிம்பைப் பிடித்து இறங்கி, எங்கே ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே வந்துதான் சொட்டும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே ஈரத்தின் மேல் முனையும் முன் முனையும் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும், கீழ் முனையைப் பார்த்து ஒரு பயனும் இல்லை.

வழியையும் அவரே சொன்னார். இன்ஜினை டீசலும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, பனியன் வேஸ்ட்டால் ஒட்டத் துடைத்து, கடைசியில் கொஞ்சம் பெட்ரோல் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்துக் காயவிட வேண்டும். இதெல்லாம் ஆறின இன்ஜினில், திறந்த வெளியில். காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரை மூடியின் கோட்டைச் சுற்றித் தூவ வேண்டும். திருப்பூரில் பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை, பவுடருக்குத்தான் வீட்டில் சண்டை. தூவிவிட்டு ஒரு ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளைப் பவுடரில் ஆயில் தொட்ட இடம் மட்டும் பழுப்புக் கோடாக இறங்கியிருந்தது. அந்தக் கோடு கிக்கருக்கு மூன்று விரற்கடை மேலே, மூடியின் பின்பக்க வளைவில் ஒரு போல்ட்டுக்குப் பக்கத்தில் தொடங்கியது. கிக்கர் சீல் பாவம், மேலிருந்து வந்ததைக் கீழே வழியனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறது.

மூடியைக் கழற்றுவதற்கு முன் இன்னும் இரண்டு விஷயம் பார்க்கச் சொன்னார். முதலாவது, ஆயில் அளவுக்கு மேல் இருக்கிறதா என்பது. எனக்கு அந்தச் சந்தேகமே இல்லை. இரண்டாவது பிரீதர் குழாய். பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் புகையும் காற்றும் இன்ஜினுக்குள் அழுத்தமாகச் சேரும், அது வெளியேறுவதற்கு ஒரு ரப்பர் குழாய் வைத்திருப்பார்கள். குழாய் மடிந்தாலோ அடைத்தாலோ அழுத்தம் வேறு வழி தேடும். மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைக்கிற பேக்கிங், சீல் எல்லாம் வரிசையாகக் கசிய ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டி ஒன்றில் அந்தக் குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்த கதையைச் சொன்னார். மூன்று இடத்தில் பேக்கிங் மாற்றிய பிறகுதான் அதைக் கண்டுபிடித்தார்களாம். என் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தேன், காற்று தாராளமாகப் போனது.

சரி, மூடியைத் திறந்தே ஆக வேண்டும். "நானே பண்றேங்ண்ணா" என்றேன். "பண்ணுங்க. பண்ணிப் பாத்தாத்தானே தெரியும்" என்றார். அதில் கிண்டல் எவ்வளவு என்று இன்றுவரை பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். கிளட்ச் கவர் என்பது சின்ன வேலைதான், ஆனால் அதற்கு முன்னால் நிற்கிற சாமான்கள் நிறைய. என் வண்டியில் சைலன்சர் வலது பக்கம் போகிறது, அது வர வேண்டும். கால் வைக்கும் கம்பி, கிக்கர், மூடியில் இருக்கிற சின்ன லீவரிலிருந்து கிளட்ச் கேபிள், எல்லாம் வர வேண்டும். சைலன்சரை ஹெட்டோடு பிடிக்கும் இரண்டு நட்டுகளில் அவசரம் காட்டாதீர்கள். சூட்டில் வெந்து துருப்பிடித்திருக்கும். முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்து, இறுக்கிக் கழற்றி இறுக்கிக் கழற்றி எடுக்க வேண்டும். அங்கே நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் கம்பி முறிந்தால் ஆயில் ஒழுகல் ஒரு பெரிய விஷயமாகவே தெரியாது.

ஆயிலை இளஞ்சூட்டில் வடித்தேன், அப்போது நன்றாக இறங்கும். வண்டியை இடது பக்கம் சாய்த்துவிட்டு ஆயிலை வடிக்காமலே மூடியைத் திறக்கிறவர்களும் உண்டு. வேலைக்காரர்களுக்கு அது சரி. எனக்குப் பெட்ரோல் டேங்க் வழியும் பயம், சாய்த்த வண்டி என் மேலேயே விழும் பயம்.

மூடியில் எட்டு போல்ட். எல்லாம் 8 ஸ்பேனர் போல்ட், அதாவது 6 மில்லிமீட்டர் மரை. இன்னும் பழைய வண்டிகளில் இந்த இடத்தில் பிளஸ் தலை ஸ்க்ரூ இருக்கும், சாதா ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் தலை வழுக்கி வட்டமாகிவிடும். அதற்குச் சுத்தியால் தட்டத் தட்டத் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் இல்லாமல் கை வைக்கக் கூடாது. என் வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு செருப்புப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, மூடியின் உருவத்தைப் பேனாவால் வரைந்து, போல்ட் இருக்கும் இடங்களில் ஓட்டை போட்டு, கழற்றிய ஒவ்வொன்றையும் அதே இடத்தில் குத்தி வைத்தேன். எட்டும் ஒரே நீளமில்லை, இரண்டு மட்டும் கொஞ்சம் நீளம். அட்டை இருந்தால் மாறாது என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் என்னை இன்னொரு மாதம் அலைய வைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

போல்ட் எல்லாம் வந்த பிறகும் மூடி வராது. பழைய பேக்கிங் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இடத்தில் கை தானாக ஸ்க்ரூடிரைவரைத் தேடும், இடுக்கில் விட்டு நெம்பத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். இரண்டு பக்கமும் அலுமினியம், நெம்பிய இடத்தில் விழும் வடு அங்கேயே இருக்கும். ஒழுகாத மூடியை ஒழுகும் மூடியாக்க அந்த ஒரு கீறல் போதும். ஒரு மரக்கட்டையை மூடியின் தடித்த பகுதியில் வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினேன். ஐந்து நிமிஷம் முரண்டு பிடித்துவிட்டுப் பொத்தென்று விட்டது. உள்ளே இரண்டு டவல் பின்கள் உண்டு, சின்னக் குழாய்த் துண்டு மாதிரி. மூடி சரியான இடத்தில் உட்கார அவைதான் வழிகாட்டி. ஒன்று மூடியோடு வந்தது, ஒன்று இன்ஜினிலேயே நின்றது. உருண்டு சாக்கடைக்குப் போகிற சாமான் இது, பத்திரம்.

அன்றைக்கு நான் சரியாகச் செய்தது இவ்வளவுதான்.

மத்தியானம் தாண்டிவிட்டது, பசி. பழைய பேக்கிங் பாதி காகிதமாகக் கிழிந்து வந்தது, பாதி பெயிண்ட் மாதிரி ஒட்டி நின்றது. பிளேடால் சுரண்டிச் சுரண்டிக் கை வலித்தது. அங்கங்கே மிச்சம் இருந்ததைப் பார்த்து, "கேஸ்கெட் பசை போட்டால் நிரவிவிடும்" என்று முடிவு செய்தேன். கடையில் வாங்கிய புது பேக்கிங் 45 ரூபாய். அதன் இரண்டு பக்கமும் பசையைத் தோசைக்கு நெய் விடுவதுபோலத் தாராளமாகத் தடவி, மூடியை வைத்து, அட்டையில் இருந்தபடியே எட்டு போல்ட்டையும் போட்டு முறுக்கினேன். சுற்றிலும் பசை பிதுங்கி வந்தது. அது எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது, உள்பக்கமும் அதே அளவு பிதுங்கியிருக்கும் என்று யோசிக்கவில்லை.

பத்து நாள் கொட்டாங்குச்சி காய்ந்து கிடந்தது. பதினோராம் நாள் இரண்டு சொட்டு. அந்த வாரக் கடைசியில் பழையபடி பன்னிரண்டு.

பெரியவரிடம் போகவே கூச்சமாக இருந்தது. அவராகவே கேட்டார், "மறுபடி ஒழுகுதுங்களா?" என்று. பவுடர் போட்டுப் பார்த்ததில் அதே போல்ட், அதே கோடு. "அந்த போல்ட் டைட்டாத்தான் இருக்குங்ண்ணா, நான் முறுக்கிப் பாத்துட்டேன்" என்றேன். அதற்கு அவர் சொன்னதுதான் இந்த விவகாரம் முழுவதுக்கும் விடை.

"போல்ட் டைட்டா இருக்குதுங்க தம்பி. மூடி டைட்டா இருக்குதான்னு பாருங்க. இந்தத் தடவ கழட்டும்போது ஒவ்வொண்ணும் எத்தனை சுத்துல வருதுன்னு எண்ணுங்க."

எண்ணினேன். 6 மில்லி போல்ட்டில் மரைக்கு மரை இடைவெளி சரியாக 1 மில்லி. ஆகவே ஒரு சுற்று என்றால் ஒரு மில்லி, எத்தனை சுற்றில் போல்ட் விடுகிறதோ அத்தனை மில்லி மரை பிடித்திருந்தது என்று அர்த்தம். ஆறு போல்ட்கள் ஒன்பது சுற்றில் வந்தன. முன்பக்கம் ஒன்று நாலே சுற்றில் கையோடு வந்துவிட்டது. ஒழுகும் இடத்தில் இருந்தது பதினான்கு சுற்றில் வந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீளமான இரண்டு போல்ட்டில் ஒன்று இடம் மாறியிருந்தது. மூடியின் முன்பக்கத் தடித்த இடத்துக்குப் போக வேண்டிய 40 மில்லி போல்ட் பின்பக்கம் 35 மில்லி இடத்தில் இருந்தது. அந்தத் துளை அடி மூடிய துளை. ஓர் ஈர்க்குச்சியை விட்டு அளந்து பார்த்தேன். போல்ட்டின் தலை மூடியை அழுத்த வேண்டிய நேரத்தில் அதன் நுனி துளையின் அடியில் போய் முட்டி நின்றிருக்கிறது. ஸ்பேனருக்குத் தெரிவது முட்டு மட்டும்தான், கைக்கு அது இறுக்கமாகத்தான் இருக்கும். மூடிக்கோ அந்த இடத்தில் பிடிமானமே இல்லை. வெறும் பசைதான் பத்து நாள் தாக்குப்பிடித்தது.

எப்போது மாறியது? எனக்குத் தெரிந்து கிளட்ச் பிளேட் மாற்றிய சமயம் இந்த மூடி திறக்கப்பட்டது, ஒழுகல் ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். ஆனால் யாரையும் போய்க் கேட்க எனக்கு வாய் இல்லை. அட்டை வரைந்து, ஓட்டை போட்டு, அந்தத் தப்பை அப்படியே பத்திரமாக எடுத்துப் பத்திரமாகத் திரும்ப மாட்டியவன் நான். அட்டை எப்படி இருந்ததோ அப்படித்தான் காட்டும். எப்படி இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அதற்கு வேறு சோதனை இருக்கிறது: மூடியை வைத்து எல்லா போல்ட்டையும் துளைக்குள் நுழைத்து, மரை தொடுகிற வரை விரலால் தள்ளிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். எல்லாத் தலையும் மூடியிலிருந்து ஒரே உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று குட்டையாகவோ நெட்டையாகவோ தெரிந்தால் அது அந்த இடத்து போல்ட் இல்லை. இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

நாலு சுற்றில் வந்த இடம் எனக்குக் கவலையாக இருந்தது. 40 மில்லி போக வேண்டிய இடத்தில் 35 போனதால் வாயிலிருக்கும் நாலு மரை மட்டுமே மொத்த இறுக்கத்தையும் தாங்கியிருக்கிறது. அலுமினியத்தில் எஃகு போல்ட் பிடிக்க அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது மரை வேண்டும். அந்த நாலும் தேய்ந்து, துளையின் வாயில் உலோகம் லேசாக மேலே எழும்பியிருந்தது. விரல் வைத்தால் தட்டுப்பட்டது. நல்ல வேளை, உள்ளே ஆழத்தில் இருந்த மரைகள் தொடப்படாமல் இருந்தன. சரியான நீளத்து போல்ட்டைப் போட்டபோது அது உள்மரையைப் பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் போயிருந்தால் லேத்துக்காரரிடம் போய், துளையைப் பெரிதாக்கி மரை வெட்டி எஃகுக் கம்பிச்சுருள் வைக்க வேண்டியிருந்திருக்கும். அதுவும் ஒன்றும் உலகம் முடிகிற வேலை இல்லை, பல வண்டிகளில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எழும்பிய விளிம்பை, பெரிய டிரில் பிட் ஒன்றை விரலால் மட்டும் திருகி நிரவினேன். தூள் உள்ளே போகாதபடி சுற்றிலும் துணியை அடைத்துக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி கீழே காத்திருந்தது. என் வண்டியில் ஆயில் வடிகட்டும் கம்பிவலை இந்த மூடிக்குப் பின்னால், அடியில் செருகி இருக்கும். மூடி திறந்தால் அதை உருவிக் கழுவிவிடலாம். போன தடவை அதைக்கூட நான் செய்யவில்லை. இந்தத் தடவை உருவினால், வலையில் புழு மாதிரி ரப்பர்த் துண்டுகள். என் பசைதான்! மூடியின் உள்பக்கம் பிதுங்கியது உடைந்து மிதந்து வந்து ஒட்டியிருந்தது. இன்ஜினின் ஆயில் பம்ப் அந்த வலை வழியாகத்தான் ஆயிலை உறிஞ்சுகிறது. இன்னும் கொஞ்சம் சேர்ந்து அடைத்திருந்தால் மேலே ஹெட்டுக்கு ஆயில் போகாது. ஒழுகி ஒழுகி ஆயில் குறைவதைக்கூட அம்மாவின் கொட்டாங்குச்சி காட்டிக்கொடுத்தது. இதைக் காட்டிக்கொடுக்க ஒருவரும் இல்லை.

ஆகவே அந்த ஞாயிறு பசியைப் பார்க்கவில்லை. பழைய பேக்கிங்கையும் பசையையும் நகம் வைத்தால் தட்டுப்படாத அளவுக்கு எடுத்தேன். பிளேடைப் படுக்கையாகப் பிடித்து, தின்னர் தொட்டு ஊறவிட்டுச் சுரண்டினால் சுலபமாக வருகிறது. நிமிர்த்திப் பிடித்தால் அலுமினியத்தையே சீவிவிடும். இன்ஜின் பக்கத்தைச் சுரண்டும்போது உள்ளே எல்லாம் துணி. மூடியின் முகம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கண்ணாடிப் பலகையில் 400 நம்பர் எமரித் தாளை விரித்து, டவல் பின்னை எடுத்துவிட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, மூடியைக் கவிழ்த்து நாலைந்து முறை எட்டுப் போடுவதுபோல மெல்லத் தேய்த்தேன். முகம் முழுக்க ஒரே மாதிரி பளபளத்தால் சமம், மங்கலாக ஒரு இடம் நின்றால் அங்கே பள்ளம். என்னுடையதில் பள்ளம் இல்லை. பிறகு எமரித் தூள் போக மூடியைக் கழுவித் துடைத்தேன். போல்ட் துளைகளிலும் திரி மாதிரி துணியை முறுக்கி விட்டு ஆயிலை உறிஞ்சி எடுத்தேன். அடி மூடிய துளையில் ஆயில் நின்றால், போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் மறுபடி அதே முட்டு முட்டும். துளையே விரிசல் விடுவதும் உண்டு.

புது பேக்கிங்குக்கு இந்த முறை பசை இல்லை. மூடிப் பக்கம் மட்டும் விரலால் மெல்லிசாகக் கிரீஸ், நகராமல் நிற்கவும் அடுத்த முறை கிழியாமல் வரவும். காகித பேக்கிங் வேலை செய்வது அமுங்குவதால். சமமான இரண்டு முகத்துக்கு நடுவே சமமாக அமுங்கினால் அதற்கு வேறு உதவி தேவைப்படுவதில்லை. இன்ஜினின் இரண்டு பாதிகள் சேரும் கோடு பேக்கிங்குக்குக் குறுக்கே வருகிற இடமாக இருந்தால் ஒரு கடுகளவு பசை வைக்கலாம். கிளட்ச் கவரில் அப்படி எதுவும் இல்லை. கடையில் பேக்கிங் கிடைக்காத வண்டிக்கு, பேக்கிங் தாளை முகத்தின் மேல் வைத்து, விளிம்பில் உருண்டைத் தலைச் சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டியே அச்சு வெட்டிவிடுவார் பெரியவர். பார்க்க அழகாக இருக்கும். எனக்கு அது கைவரவில்லை.

இன்னொரு இடம் பலபேர் கோட்டை விடுவது. மூடி உள்ளே போகும்போது கிக்கர் தண்டின் பற்கள் ஆயில் சீலின் மெல்லிய உதட்டைக் கீறிக்கொண்டு போகும். புதுச் சீல் அங்கேயே செத்துவிடும், ஒரு வாரம் கழித்து நாம் சீல் கம்பெனியைத் திட்டுவோம். தண்டின் பற்கள் மேல் ஒரு சுற்று செல்லோ டேப் ஒட்டி, சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, மூடியை ஏற்றிய பிறகு டேப்பை உருவிவிட வேண்டும். சீல் மாட்டும்போது சுருள்கம்பி தெரிகிற பக்கம் ஆயிலைப் பார்த்து, அதாவது உள்பக்கமாக இருக்க வேண்டும்.

மூடி கையழுத்தத்திலேயே போய் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள், உள்ளே ஏதோ ஒன்று இடம் மாறி நிற்கிறது. எனக்குக் கிளட்ச்சைத் தள்ளுகிற சின்ன உருளை நழுவியிருந்தது. அதைச் சரி செய்ததும் தானாகப் போய்ச் சேர்ந்தது. எட்டையும் விரலால் திருகி, தலை எல்லாம் ஒரே உயரம் என்று பார்த்துவிட்டு, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று தவணையில் இறுக்கினேன். 6 மில்லி போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவில் போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் சுமார் 10 கிலோ இழுப்பு. ஸ்பேனரில் குழாய் மாட்டி நீட்டி இறுக்குகிற கை பழக்கம் லாரிச் சக்கரத்துக்கு. இங்கே ஸ்பேனரைத் தலைக்குப் பக்கத்தில் குறுக்கிப் பிடித்து, மணிக்கட்டால் மட்டும் இறுக்கினால் போதும்.

ஆயில் ஊற்றினேன். வடிபோல்ட்டுக்குப் புது வாஷர். கெட்டியான ஆயில் ஊற்றினால் ஒழுகல் நிற்கும் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார், ஒழுகலை அடைக்கும் மருந்து இருக்கிறது என்று இன்னொருவர். வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும் ஆயில் கெட்டி அளவு 10டபிள்யூ-30, அதையேதான் ஊற்றினேன். நம் பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் இதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகின்றன. வழுக்குகிற எதையாவது கலந்தால் ஒழுகல் நிற்கிறதோ இல்லையோ கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக்குறி போட்டிருப்பது, இது கிளட்ச்சை வழுக்கவிடாத ஆயில் என்று காட்டத்தான்.

சாவியைப் போடாமல் பத்து கிக், பிறகு ஸ்டார்ட் செய்து மூன்று நிமிஷம், அணைத்துச் சில நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக். கிளட்ச் லீவரின் நுனியில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் சும்மா ஆட்டம் இருக்கும்படி கேபிளைச் சரி செய்தேன். கேபிளைக் கழற்றி மாட்டிய பிறகு அதைப் பார்க்காமல் ஓட்டினால் பிளேட் தேயும். வடித்த பழைய ஆயிலைக் கேனில் ஊற்றிப் பெரியவரிடமே கொடுத்துவிட்டேன். அவரிடமிருந்து பழைய ஆயில் வாங்கிப் போக ஆள் வருகிறார். சாக்கடையில் ஊற்றுவதெல்லாம் வேண்டாம்.

செலவுக் கணக்கு: இரண்டு பேக்கிங் 90, கிக்கர் சீல் 60, ஒரு 35 மில்லி, ஒரு 40 மில்லி போல்ட் புதுசாக, இரண்டும் சேர்த்து 20. ஆயில் இரண்டு முறை. எம்-சீல், பசை விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெரியவர் கூலி வாங்கவில்லை. ஒரு கிலோ பனியன் வேஸ்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அது நடந்து ஏழு மாதம். வலது பக்கம் பவுடர் தூவினால் வெள்ளையாகவே இருக்கிறது. அம்மா தைரியமாகக் கோலத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட ஆரம்பித்திருந்தார். போன வாரம் காலையில் வண்டியை எடுக்கப் போனால், தூக்கிப் போட்டாயிற்று என்று நான் நினைத்திருந்த அதே கொட்டாங்குச்சி இன்ஜினுக்குக் கீழே இருந்தது. இந்த முறை இடது பக்கம், செயின் ஸ்ப்ராக்கெட்டுக்கு நேர் கீழே. உள்ளே மூன்று சொட்டு.

பவுடர் டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.